அடைப்பில்லை, ஆனாலும் ரத்தம் போதவில்லை: அல்சைமரும் மூளையின் தந்துகிகளும்

கழுத்து ரத்தக்குழாய்களை டாப்ளரில் பார்த்தால் சுத்தமாக இருக்கின்றன. எம்ஆர்ஐ படத்தில் பழைய பக்கவாதத்தின் தழும்பு எதுவும் இல்லை. ஆனால் மூளையின் எந்தப் பகுதிக்கு ரத்தம் எவ்வளவு போகிறது என்று காட்டும் ஸ்பெக்ட் ஸ்கேன் ரிப்போர்ட்டில் மட்டும் ‘இரு பக்க பெரைட்டல், டெம்போரல் மடல்களிலும் பின் சிங்குலேட்டிலும் ரத்த ஓட்டம் குறைவு’ என்று ஒரு வரி இருக்கிறது. அல்சைமராக இருக்குமோ என்று பரிசோதனைக்குப் போகிறவர்களின் குடும்பத்தை அதிகம் குழப்புவது இந்த வரிதான். உடனே இரண்டு கேள்விகள் வரும். எங்கே அடைப்பு? ரத்தத்தை இளக்கும் மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடுமா?

நாம் வழக்கமாகச் சொல்லும் பொருளில் அடைப்பு எங்கேயும் இல்லை. கோளாறு நடக்கும் இடம் டாப்ளருக்கோ ஆஞ்சியோகிராமுக்கோ எட்டாத தந்துகிகள், அதாவது மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள். ஒவ்வொன்றின் அகலமும் 5 முதல் 8 மைக்ரான். ஒரு மனித மூளைக்குள் இருக்கும் தந்துகிகளை நீட்டிக் கூட்டினால் சுமார் 600 கிலோமீட்டர் வரும். ஓட்டம் குறைவது இந்த மட்டத்தில் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் போதும், ரிப்போர்ட்டில் உள்ள அந்த வரியும் புரியும், ‘ரத்த ஓட்டத்தைக் கூட்டும்’ மருந்துகள் ஏன் ஒவ்வொன்றாகத் தோற்றன என்பதும் புரியும்.

முதலில் கணக்கு. உடல் எடையில் மூளை 2 சதவீதம். ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதம் அதற்குத்தான் போகிறது. இதயம் நிமிடத்துக்கு வெளித்தள்ளும் 5 லிட்டரில் ஏறத்தாழ 750 மில்லி மூளைக்கு. திசுக் கணக்கில் பார்த்தால் 100 கிராமுக்கு நிமிடத்துக்குச் சராசரி 50 மில்லி. நரம்புச் செல்களின் உடல்கள் நிறைந்த சாம்பல் பகுதியில் இது 80 வரை போகும், வெள்ளைப் பகுதியில் 20 பக்கம் இருக்கும். சாம்பல் பகுதியில் ஓட்டம் 20 மில்லிக்குக் கீழே இறங்கினால் நரம்புச் செல்கள் மின்வேலையை நிறுத்திவிடும். 10 மில்லிக்குக் கீழே போனால் சாகத் தொடங்கும். அதுதான் பக்கவாதம்.

அல்சைமரில் இழப்பு 10 முதல் 30 சதவீதம். அதாவது 50 இருந்த இடத்தில் 35 முதல் 45. எந்தச் செல்லும் இதனால் உடனே சாகாது, எந்தப் படத்திலும் தழும்பு விழாது. பல ஆண்டுகள் இப்படியே ஓடும். பக்கவாதத்தின் அளவுகோலை வைத்துப் பார்த்தவர்கள் இதைப் பொருட்படுத்தாமல் விட்டதற்கு இந்தச் சாதுவான தோற்றமே காரணம்.

### செத்த திசுவுக்கு ரத்தம் எதற்கு என்ற வாதம்

மூளையின் ரத்த ஓட்டத்தை மனிதர்களிடம் எண்ணாக அளக்கும் முறையை 1940களில் சீமோர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும் உருவாக்கினார்கள். நைட்ரஸ் ஆக்சைடைச் சுவாசிக்கவிட்டு, மூளைக்குள் போகும் ரத்தத்திலும் வெளியே வரும் ரத்தத்திலும் அதன் அளவை ஒப்பிடும் முறை அது. வயதானவர்களின் மறதிநோயில் ஓட்டம் குறைந்திருப்பது அந்தத் தலைமுறைக்கே தெரியும். அவர்கள் சொன்ன விளக்கமும் நியாயமாகவே இருந்தது. மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அந்தப் பகுதிக்கு ரத்தம் கூடுதலாகப் போகும் என்பதை 1890-இலேயே ராயும் ஷெரிங்டனும் எழுதிவிட்டார்கள். நரம்புச் செல்கள் செத்தால் வேலை குறையும், வேலை குறைந்தால் ரத்தம் குறையும். ஆகவே குறைந்த ஓட்டம் நோயின் நிழல், காரணம் அல்ல.

இந்த விளக்கம் முழுப் பொய் இல்லை. நோய் முற்றிய நிலையில் காணும் குறைவில் ஒரு பங்கு இப்படி வருவதுதான். ஆனால் தொடக்க காலத்துக்கு இது பொருந்தாது.

மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு 2016-இல் 1,171 பேரின் 7,700-க்கும் மேற்பட்ட மூளைப் படங்களையும் ரத்த, தண்டுவடத் திரவ அளவுகளையும் சேர்த்து, எந்த மாற்றம் முதலில் வருகிறது என்று வரிசைப்படுத்தியது. அல்சைமர் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம், குளுக்கோஸ் பயன்பாடு, திசுச் சுருக்கம் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது ரத்த ஓட்டக் கோளாறு. இது கணித மாதிரி தந்த வரிசை. ஒரே ஆளை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தது அல்ல. முந்தி வருவது காரணமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. இதை மட்டும் வைத்து வழக்கை முடிக்கக் கூடாது.

இதைவிட எனக்கு வலுவாகப் படுவது இறந்தவர்களின் மூளைத் திசுவிலிருந்து வந்த சான்று. இறந்தபின் ரத்த ஓட்டத்தை அளக்க முடியாது. ஆனால் உயிரோடு இருந்தபோது அந்தத் திசு ரத்தக் குறைவில் தவித்ததா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மையலின் உறையில் எம்ஏஜி என்று ஒரு புரதம் உண்டு. அது உறையின் உள் விளிம்பில், அதை உருவாக்கிய செல்லிலிருந்து வெகு தொலைவில் இருப்பதால், ஆற்றல் வழங்கல் குறைந்தால் முதலில் காணாமல் போவது அதுவே. பிஎல்பி1 என்ற இன்னொரு புரதம் உறை முழுக்கப் பரவியிருக்கும். உறையே சிதைந்தால்தான் குறையும். நரம்பிழைகள் வேறு காரணத்தால் செத்திருந்தால் இரண்டும் ஒன்றாகக் குறைய வேண்டும். ரத்தம் போதாமல் இருந்திருந்தால் எம்ஏஜி மட்டும் முன்னால் சரியும், இரண்டுக்குமான விகிதம் இறங்கும்.

பிரிஸ்டலில் செத் லவ்வின் குழு இந்த விகிதத்தை அல்சைமர் மூளைகளில் அளந்தது. பிரிகூனியஸ் என்ற பகுதியில், நோயின் ஆரம்பக் கட்டத்திலேயே விகிதம் இறங்கியிருந்தது. சிறு ரத்தக்குழாய்ச் சுவர்களின் தடிப்புக்கும் இந்தச் சரிவுக்கும் பொருத்தம் இல்லை. குழாய்களைச் சுருங்கவைக்கும் எண்டோதெலின்-1 என்ற பொருள்தான் அங்கே கூடியிருந்தது. குழாய் தடித்துக் குறுகவில்லை, ஏதோ ஒன்று அதைப் பிடித்துச் சுருக்கியிருக்கிறது. தேவை குறைந்ததால் வழங்கல் குறைந்தது என்றால் திசு மூச்சுத் திணறிய தடயம் இருக்கக் கூடாது அல்லவா? இங்கே இருக்கிறது.

### பெரிசைட்டின் பிடி

சுருக்குவது யார்? தமனிகளைச் சுற்றித் தசைச் செல்கள் உண்டு. தந்துகியில் தசை கிடையாது. அதற்குப் பதில் இடைவெளி விட்டு உட்கார்ந்திருப்பவை பெரிசைட்கள். குழாயின் மேல் புடைத்த ஒரு செல் உடல், அதிலிருந்து குழாயைச் சுற்றிப் படரும் கைகள். இவற்றால் சுருங்கவும் தளரவும் முடியும்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் டேவிட் அட்வெல்லின் குழு 2019-இல் செய்தது இது. அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட, இன்னும் உயிருள்ள மனித மூளைத் துண்டின் மேல் அமிலாய்டு பீட்டாவின் சிறு திரள்களைப் போட்டுப் பார்த்தார்கள். தந்துகிகள் சுருங்கின, அதுவும் பெரிசைட் உட்கார்ந்திருக்கும் இடங்களில். நடக்கும் வரிசை இப்படி: அமிலாய்டு, செல்லைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் வினைக்கூறுகளை உண்டாக்குகிறது, அவை எண்டோதெலினை வெளியிட வைக்கின்றன, எண்டோதெலின் பெரிசைட்டின் மேலுள்ள ஏற்பியைப் பிடிக்கிறது, செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது, பெரிசைட் இறுகுகிறது. நினைவாற்றல் குறைந்துகொண்டிருந்த நோயாளிகளிடமிருந்து எடுத்த திசுவிலும், அமிலாய்டு படிந்தவர்களின் தந்துகிகள் பெரிசைட் இருக்குமிடத்தில் குறுகியே இருந்தன.

எவ்வளவு குறுகினால் எவ்வளவு இழப்பு? குழாயில் ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 10 சதவீதம் குறுகினால் 0.9-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும், விடை 0.66. அழுத்தம் மாறாமல் இருந்தால் அந்தக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு ஓட்டம் போய்விட்டது. 6 மைக்ரான் குழாய் 5.4 ஆவதை நுண்ணோக்கியில் சாதாரணமாகப் பார்த்தால் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். சிவப்பணுவே 7 முதல் 8 மைக்ரான் அகலம். அது மடங்கி நெளிந்துதான் இந்தக் குழாய்க்குள் போகிறது. குழாய் இன்னும் குறுகினால் உராய்வு கூடி, நிஜ இழப்பு சூத்திரம் சொல்வதைவிட அதிகமாகும். எலியின் மூளைப் புறணியை வைத்துச் செய்த கணக்கில், திசுவுக்குள் இருக்கும் ரத்தக்குழாய் வலையின் மொத்த எதிர்ப்பில் பாதிக்கு மேல் தந்துகிகளிலிருந்தே வருகிறது. ஆக, பெரிய தமனியை விரிக்கும் மருந்து கொடுத்து என்ன பயன்? நெருக்கடி அதற்கப்பால் இருக்கிறது.

### குறுக்கே நிற்கும் வெள்ளையணு

அதே 2019-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ஷாஃபர், நோசோமி நிஷிமுரா குழுவினர் வேறொரு கோணத்திலிருந்து வந்து அதே தந்துகிகளில் நின்றார்கள். அல்சைமர் மரபணு புகுத்தப்பட்ட எலிகளின் மூளையை உயிரோடு நுண்ணோக்கியில் பார்த்தபோது, சுமார் 2 சதவீதத் தந்துகிகளில் ஓட்டம் நின்றுபோயிருந்தது. சாதாரண எலிகளில் இது 0.4 சதவீதம்தான். நின்ற இடங்களில் பெரும்பாலும் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு. அது சிவப்பணுவைப் போல எளிதில் நெளியாது. ஒற்றையடிச் சந்தில் லாரி நுழைந்த கதைதான்.

2 சதவீதம் என்றால் அற்பமாகத் தோன்றும். ஆனால் ஒரு தந்துகி நின்றால் அதிலிருந்து ரத்தம் வாங்கும் அடுத்தடுத்த கிளைகளிலும் வேகம் விழுகிறது. நியூட்ரோஃபிலைக் குறிவைக்கும் ஆன்டிபாடி ஒன்றை எலிகளுக்குக் கொடுத்ததும் நின்ற குழாய்கள் திறந்தன, ஓட்டம் ஏறியது, சில மணி நேரத்திலேயே எலிகள் நினைவுச் சோதனைகளில் மேம்பட்டன. நோய் முற்றிய வயதான எலிகளிலும் குறுகிய கால நினைவு தேறியது. செத்த நரம்புச் செல் சில மணி நேரத்தில் பிழைத்து எழாது. அப்படியென்றால் அந்த மறதியில் ஒரு பங்கு சாவால் வந்ததல்ல, ரத்தப் பற்றாக்குறையால் வேலைநிறுத்தம் செய்த செல்களால் வந்தது. இந்தத் துறையில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் ஒற்றை முடிவு இதுவே.

அந்த ஆன்டிபாடியை மனிதர்களுக்குக் கொடுக்க முடியாது. நியூட்ரோஃபில் இல்லாத உடல் சாதாரணத் தொற்றுக்கே விழுந்துவிடும். (நின்ற தந்துகிகளை வீடியோவில் கண்டுபிடிக்கும் வேலையைக் கணினியால் நம்பகமாகச் செய்ய முடியாததால், அதை இணைய விளையாட்டாக்கிப் பொதுமக்களிடமே கொடுத்தார்கள். ஸ்டால் கேட்சர்ஸ் என்று அதற்குப் பெயர்.)

வேறு சில வழிகளிலும் ஓட்டம் கெடுகிறது. அல்சைமர் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு மூளையின் சிறு தமனிச் சுவர்களிலேயே அமிலாய்டு படிகிறது. அந்தச் சுவர் விறைத்து, தேவைக்கேற்ப விரிய மறுக்கிறது. குழாய்களை விரிக்கும் அசெட்டைல்கோலினை அனுப்பும் அடிமூளைச் செல்கள் இந்த நோயில் சீக்கிரமே அழிகின்றன. அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் ஏபிஓஇ4 மரபணு உள்ளவர்களிடம் பெரிசைட்கள் சேதமாகி, ரத்தத்தில் உள்ள வேண்டாதவை மூளைக்குள் புகாமல் காக்கும் ரத்த-மூளைத் தடுப்பு, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் கசியத் தொடங்குகிறது.

### குறைந்த ஓட்டம் திருப்பி என்ன செய்கிறது

இதுவரை அமிலாய்டு ஓட்டத்தைக் குறைப்பதைப் பார்த்தோம். எதிர்த்திசையும் உண்டு. ஆக்சிஜன் குறைந்தால் செல்லுக்குள் எச்ஐஎஃப்-1 என்ற கட்டுப்பாட்டுப் புரதம் எழுகிறது. அது அமிலாய்டை வெட்டியெடுக்கும் பேஸ்1 நொதியின் உற்பத்தியைக் கூட்டுகிறது. உற்பத்தி கூடும் அதே நேரத்தில் வெளியேற்றமும் குறைகிறது. அமிலாய்டு மூளையை விட்டுப் போகும் வழிகளில் இரண்டு ரத்தக்குழாயையே நம்பியிருக்கின்றன: சுவரில் உள்ள எல்ஆர்பி1 என்ற கடத்தி அதை ரத்தத்துக்குள் தள்ளுகிறது, குழாயைச் சுற்றியுள்ள இடைவெளிகளில் ஓடும் திரவம் அடித்துச் செல்கிறது. இந்தத் திரவத்தைத் தள்ளும் விசையே தமனியின் துடிப்பும் சுருங்கி விரிதலும்தான். விறைத்த தமனி தள்ளாது.

ஓட்டம் குறைந்தால், அல்சைமரில் நரம்புச் செல்லுக்குள் முடிச்சாகத் திரளும் டாவ் புரதத்தில் பாஸ்பேட் ஏறுவதும் கூடுகிறது, நரம்பு இணைப்புகளுக்குத் தேவையான புரத உற்பத்தி தடைபடுகிறது. ஏற்கெனவே 20 மில்லியில் ஓடும் வெள்ளைப் பகுதிக்கு இழப்பைத் தாங்கும் இடம் குறைவு. எம்ஆர்ஐயில் வெண்திட்டுகளாகத் தெரிவது பெரும்பாலும் அங்கே நடந்த சேதம். ‘முதலில் அமிலாய்டா, ரத்த ஓட்டமா’ என்று பட்டிமன்றம் நடத்துவதில் எனக்கு ஆர்வமில்லை. ஒன்று மற்றதை வளர்க்கும் சுழலில், எந்த இடத்தில் கை வைத்தால் சுழல் தளரும் என்பதே வேலைக்கு ஆகிற கேள்வி.

### அளப்பதில் நடக்கும் தவறுகள்

ஓட்டத்தை அளக்க இப்போது அதிகம் பேசப்படுவது ஏஎஸ்எல் என்ற எம்ஆர்ஐ முறை. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, 4 முதல் 5 நிமிடம். கழுத்தில், மண்டையோட்டின் அடிக்குக் கீழே ஓடும் ரத்தத்தின் நீர் மூலக்கூறுகளை ரேடியோ அலையால் 1.8 விநாடி நேரம் ‘முத்திரை’ குத்துகிறார்கள். அந்த ரத்தம் மூளைக்கு ஏறும்வரை காத்திருந்து படம் எடுக்கிறார்கள். பிறகு முத்திரை இல்லாமல் ஒரு படம். இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது ரத்தம் கொண்டுவந்த சமிக்ஞை. அது மொத்தத்தில் 1 சதவீத அளவுதான். இவ்வளவு மெல்லிய வித்தியாசத்தை நம்பியிருப்பதால், இந்த முறை எங்கெல்லாம் சறுக்கும் என்று தெரியாமல் ரிப்போர்ட்டைப் படிக்கக் கூடாது.

பெரிய சறுக்கல் காத்திருக்கும் நேரம். வயதானவர்களுக்குப் பரிந்துரை 2 விநாடி. ஆனால் ரத்தக்குழாய் வளைந்து நெளிந்திருந்தாலோ இதயம் பலவீனமாக இருந்தாலோ ரத்தம் வந்துசேர இன்னும் தாமதமாகும். முத்திரையோ 3 டெஸ்லா காந்த வலிமையுள்ள எம்ஆர்ஐ கருவியில் ஏறத்தாழ 1.65 விநாடி என்ற கால அளவில் மங்கிக்கொண்டே போகிறது. படம் எடுக்கும் கணத்தில் முத்திரையிட்ட ரத்தம் இன்னும் தமனியிலேயே இருந்தால், தமனிகள் புழுப் போல வெளிச்சமாகவும் அவற்றுக்கு அப்பாலுள்ள புறணி இருட்டாகவும் தெரியும். அது ஓட்டம் குறைவு அல்ல, ஓட்டம் தாமதம். இரண்டையும் பிரிக்க, ஒரே காத்திருப்பு நேரத்துக்குப் பதில் பல நேரங்களில் படம் எடுக்கும் முறை வேண்டும். அது இல்லாவிட்டால், வெளிச்சப் புழுக்கள் தெரிகின்றனவா என்று மூலப் படத்தையாவது பார்க்க வேண்டும்.

அடுத்தது திசுச் சுருக்கம். புறணியின் தடிமன் சுமார் 2.5 மில்லிமீட்டர், படத்தின் ஒரு புள்ளியே 3 முதல் 4 மில்லிமீட்டர். ஒவ்வொரு புள்ளியிலும் சாம்பல் பகுதியோடு வெள்ளைப் பகுதியும் திரவமும் கலந்திருக்கும். புறணி மெலிந்தால் அந்தக் கலவையில் சாம்பலின் பங்கு குறைந்து, உண்மையான ஓட்டம் மாறாமலே எண் இறங்கிவிடும். இதற்குத் திருத்தம் செய்தார்களா என்பது அல்சைமர் ஆய்வு எதைப் படித்தாலும் முதலில் தேட வேண்டிய வரி.

பிறகு அன்றைய தினத்தின் விஷயங்கள். காஃபீன் 250 மில்லிகிராம் உடலில் ஏறியிருந்தால் மூளை ஓட்டம் 20 முதல் 30 சதவீதம் விழும். நோய் உண்டாக்கும் இழப்புக்குச் சமம் இது. ரத்தத்தில் கார்பன் டைஆக்சைடு 1 மிமீ பாதரசம் மாறினால் ஓட்டம் 3 முதல் 4 சதவீதம் மாறும். கருவிக்குள் பயந்து வேகமாக மூச்சு வாங்குகிறவரிடம் 5 மிமீ எளிதில் இறங்கிவிடும். ஓட்டத்தில் 15 முதல் 20 சதவீதம் போய்விடும். ரத்தசோகை இருந்தால் ஓட்டம் உண்மையிலேயே கூடும். தவிர, கணக்கிடும் சூத்திரத்தில் போடும் ரத்த மாறிலியும் பொருந்தாமல் போகும். தூக்கம், கண் திறந்திருப்பது மூடியிருப்பது என்று எல்லாமே எண்ணைத் தொடும். தலையசைவைச் சொல்லவே வேண்டாம்.

ஸ்பெக்ட் வேறு மாதிரி. டெக்னீஷியம்-99எம் ஏற்றிய மருந்தைச் சுமார் 740 மெகாபெக்கரல் ஊசியில் கொடுக்கிறார்கள். அது ஓரிரு நிமிடங்களில் மூளையில் ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். படம் அப்புறம் எடுத்தாலும் பதிவாவது ஊசி போட்ட கணத்தின் ஓட்டம். அதனால்தான் ஊசிக்கு முன்பே நரம்பில் குழாய் பொருத்தி, மங்கலான வெளிச்சத்தில் அமைதியாகப் படுக்கவைத்து, பேச்சுக் கொடுக்காமல் மருந்தைச் செலுத்த வேண்டும். குத்தும்போது கூடவே இருந்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தால் அந்தப் பேச்சும் படத்தில் ஏறும். இந்த முறை தருவது மில்லி கணக்கு அல்ல, சிறுமூளை போன்ற பாதிக்கப்படாத பகுதியோடு ஒப்பீடு. அதனால் மொத்த மூளையிலும் சமமாக ஓட்டம் குறைந்திருந்தால் ஸ்பெக்டில் தெரியாமலே போகலாம்.

எண்ணைவிட அமைப்பு நம்பகமானது. அல்சைமரில் பின் சிங்குலேட், பிரிகூனியஸ், பெரைட்டல்-டெம்போரல் பகுதிகள் மங்கும். அசைவைக் கட்டுப்படுத்தும் பட்டையும் பின்மண்டைப் பார்வைப் பகுதியும் பெரும்பாலும் தப்பிக்கும். பார்வைப் பகுதியும் மங்கினால் லூவி பாடி என்ற வேறு வகை மறதிநோயை நினைக்க வேண்டும், முன்மடல் மங்கினால் ஃப்ரண்டோடெம்போரல் வகையை. ஒற்றை எண்ணை வைத்து ‘உங்களுக்கு அல்சைமர் வரப்போகிறது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதே ஆளை அதே கருவியில் மறுபடி எடுத்தாலும் 10 சதவீதம் முன்பின் ஆவது சகஜம்.

### கையில் இருப்பது என்ன

நடுவயதில் கட்டுப்படாத ரத்த அழுத்தம் முதுமையில் மறதிநோய் அபாயத்தைக் கூட்டுகிறது என்பதில் சர்ச்சை இல்லை. அழுத்தத்தை அதிகம் குறைத்தால் மூளைக்கு ரத்தம் போதாமல் போகுமோ என்ற பயம் மருத்துவர்களிடமே இருந்தது. அமெரிக்காவில் 9,361 பேரிடம் நடந்த ஸ்பிரிண்ட் ஆய்வின் மூளைப் பிரிவு இதைச் சோதித்தது. மேல் அழுத்தத்தை 120-க்குக் கீழே வைக்க முயன்ற குழுவில், 140 இலக்குக் குழுவைவிட லேசான அறிவாற்றல் குறைபாடு 19 சதவீதம் குறைந்தது. மறதிநோய்க் கணக்கில் வித்தியாசம் புள்ளியியல் எல்லையைத் தாண்டவில்லை. ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டதும் அதற்கு ஒரு காரணம். ரத்த ஓட்டம்? 120 குழுவில் அது விழவில்லை, சற்று ஏறியது. நீண்ட கால உயர் அழுத்தமே குழாய்களை விறைக்கவைத்து ஓட்டத்தைக் கெடுக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதை எல்லா முதியவர்களுக்கும் அப்படியே நீட்டக் கூடாது. நீரிழிவு நோயாளிகளும் பக்கவாதம் வந்தவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. தளர்ந்த உடல், ஏற்கெனவே அல்சைமர், எழுந்தால் தலைசுற்றல் என்று இருப்பவரிடம் வேறு கணக்கு. உட்கார்ந்த நிலையில் எடுத்த பிபி அவரிடம் பாதி உண்மையைத்தான் சொல்லும். 5 நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்ற 1-ஆவது நிமிடத்திலும் 3-ஆவது நிமிடத்திலும் மறுபடி எடுக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 விழுந்தால் அது நிலைமாற்றத் தாழ்வழுத்தம். மூளை தன் ஓட்டத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் திறன் குறைந்தவரிடம் ஒவ்வொரு எழுதலும் ஒரு சிறு பஞ்சம்.

அப்படி விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது மருந்துப் பட்டியல். புராஸ்டேட்டுக்கான ஆல்ஃபா பிளாக்கர், நீர் பிரியும் மாத்திரை, நெஞ்சுவலிக்கான நைட்ரேட் ஆகியவை ஒன்றுசேர்ந்து பிபியைக் கவிழ்க்கும். அல்சைமருக்கே தரும் டோனெபெசில் நாடித்துடிப்பைக் குறைத்துச் சிலரை மயங்கிவிழ வைக்கும். எந்த மாத்திரையையும் தானாக நிறுத்தாமல், நின்ற நிலை அளவுகளை எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுவதே சரி. சீரற்ற இதயத் துடிப்பு, இதயப் பலவீனம், தூக்கத்தில் மூச்சு நிற்பது இவையும் மூளைக்குப் போகும் ரத்தத்தையோ ஆக்சிஜனையோ குறைப்பவை. மூன்றுக்கும் சிகிச்சை இருக்கிறது.

‘ரத்த ஓட்டத்தைக் கூட்டும்’ என்று விற்கப்படுவனவற்றில் ஜிங்கோ முதலிடம். 3,069 முதியவர்களிடம் தினம் இருவேளை 120 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008-இல் வெளியானது. மறதிநோயை அது தடுக்கவில்லை. ஆஸ்பிரினும் அப்படியே. 19,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆஸ்ப்ரீ ஆய்வில் மறதிநோய் குறையவில்லை, ரத்தக்கசிவு கூடியது. கட்டியான ரத்தம் இங்கே பிரச்சினையே இல்லை என்பதால் இதில் வியப்பும் இல்லை. சிறு தமனிச் சுவர்களில் அமிலாய்டு படிந்தவருக்கு ரத்தம் இளக்கும் மருந்தைக் காரணமில்லாமல் கொடுப்பது மூளைக்குள் கசிவை வரவழைப்பது. லெக்கனெமாப் போன்ற புதிய அமிலாய்டு நீக்கி மருந்துகளிலும் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. படிவு குழாய்ச் சுவரிலிருந்தும் பெயர்வதால் வீக்கமும் நுண்கசிவும் உண்டாகின்றன. பெரிய ஆய்வில் மருந்து பெற்றவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு வீக்கம் தெரிந்தது, ஏபிஓஇ4 இரு பிரதி உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு. எம்ஆர்ஐயில் நுண்கசிவுகளை எண்ணிப் பார்க்காமல் இந்த மருந்தைத் தொடங்குவதில்லை.

பெரிசைட்டைத் தளர்த்தும் மருந்து உண்டா என்றால், கால்சியம் வழியை அடைப்பவை இருக்கின்றன. லண்டன் குழு 2024-இல் நிமோடிபினை அல்சைமர் எலிகளுக்குக் கொடுத்தபோது பெரிசைட்கள் தளர்ந்தன, ஓட்டம் ஏறியது, வெள்ளையணுக்கள் சிக்குவதும் குறைந்தது. குழாய் குறுகுவதும் வெள்ளையணு நிற்பதும் ஒரே கோளாறின் இரு முகங்களாக இருக்கலாம் என்பதற்கு இது நல்ல தடயம்.

மனிதர்களிடம் அதே குடும்பத்தைச் சேர்ந்த நில்வாடிபின் ஏற்கெனவே சோதிக்கப்பட்டுவிட்டது. ஐரோப்பாவில் 9 நாடுகளில் 511 நோயாளிகள், தினம் 8 மில்லிகிராம், 18 மாதம். 2018-இல் முடிவு வந்தது: நினைவாற்றல் சரிவு நிற்கவில்லை. ஆனால் அதே ஆய்வில் ஒரு சிறு குழுவுக்கு ஏஎஸ்எல் எடுத்திருந்தார்கள். அழுத்தம் இறங்கியிருந்தும் ஹிப்போகாம்பஸ் ஓட்டம் ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்தது. குழாய் திறந்தது, நோயாளி தேறவில்லை. பின்னர் பிரித்துப் பார்த்தபோது மிக ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்களின் சரிவு சற்று மெதுவாகவும், நோய் முற்றியவர்களின் சரிவு வேகமாகவும் தெரிந்தது. பின்னோக்கிப் பிரித்துப் பார்க்கும் கணக்குகளை நம்பி மருந்து எழுதக் கூடாது. அடுத்த ஆய்வை வடிவமைக்க அது போதும்: அறிகுறி தொடங்கும் முன்போ தொடங்கிய உடனேயோ ஆட்களைச் சேர்க்க வேண்டும். எல்லோருக்கும் பல காத்திருப்பு நேரங்களுடன் ஏஎஸ்எல் எடுத்து, ஓட்டம் உண்மையில் குறைந்தவர்களை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். நின்ற நிலையில் பிபி விழுகிறவர்களை ஆரம்பத்திலேயே விலக்க வேண்டும். மருந்து கொடுத்தபின் ஓட்டம் ஏறாதவர்களைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும்.